காகம் தொடாத பணியாரம்

பெரியண்ணனுக்குத் தண்ணீர் என்றால் பயம். எங்கள் ஊர் ஏரியில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார். அப்படிப்பட்டவரைக் கப்பலேற்றி அனுப்ப முடியாது என்பதால், கோடை விடுமுறையில் சும்மா இருந்த நான் இலங்கைக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. துறையூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் நம்பமாட்டாள் என்று வீட்டில் எனக்குப் பெயர். இந்தப் பயணமும் சரிபார்க்கிற வேலைதான். மாத்தளைப் பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதர் என்னுடைய சின்னண்ணன்தானா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

சின்னண்ணன் கந்தசாமி பதினேழு வயதில் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர். அப்போது எனக்கு எட்டு வயது. அவருக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்த கடிதங்கள் சில வருஷம் வந்தன, பிறகு நின்றுபோயின. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அங்கிருந்து திரும்பிய ஒருவர் துறையூர்ச் சந்தையில் பெரியண்ணனைப் பார்த்து, உங்கள் தம்பி வில்கமுவைக் காட்டில் காய்ச்சலில் போய்விட்டான் என்று சொன்னார். வீட்டில் தலை முழுகினோம். கருமாதி நடந்தது. அந்த வருஷ ஆடி அமாவாசையிலிருந்து அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையும் விழுந்தது.

முதல் தரம் இலை போடும்போது, "அவனுக்கு என்னம்மா புடிக்கும்?" என்று பெரியண்ணன் கேட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாரே தவிரப் பதில் சொல்லவில்லை. நான்தான், "பணியாரம்" என்றேன். வெல்லப் பணியாரம் சுட்ட நாளெல்லாம் சின்னண்ணன் அடுப்படியில் போய் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றிலிருந்து ஒன்பது ஆடி அமாவாசைக்கும் பணியாரம்தான்.

இதில் ஒரு சங்கடம். சுவரில் வைத்தால் காகம் சோற்றைத் தின்னும், வடையைத் தூக்கிக்கொண்டு போகும். பணியாரத்தை மட்டும் தொடாது. "எம் புள்ளைக்கு என்ன கொறையோ" என்று அம்மா அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார். காகத்துக்கு வெல்லம் பிடிக்காது, அவ்வளவுதான் என்று நான் பாடம் நடத்துவேன். அம்மா காதில் வாங்கிக்கொள்ளமாட்டார்.

இப்படியிருக்க, பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. 'அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பாப்பாவுக்கும் கந்தசாமி எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மாவை ஒரு தடவை பார்க்க ஆசை. வரலாமா என்று பதில் போடவும்.' வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. கீழே உக்குவளையில் ஒரு கடையின் முகவரி. பெரியண்ணன் அதை அம்மா கண்ணில் படாமல் ஒளித்துவிட்டார்.

"செத்தவன் பேரைச் சொல்லிக்கிட்டு எவனோ வர்றான்" என்றார் என்னிடம். "அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம். புள்ளை வந்துட்டான்னு சொல்லிட்டு அப்புறம் இல்லைன்னா தாங்கமாட்டாங்க. சத்தியம் பண்ற அளவுக்கு உனக்குத் தெரிஞ்சாத்தான் அம்மாகிட்ட வாயைத் தொறக்கணும்."

நான் தலையாட்டினேன். ஆனால் ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சின்னண்ணன் முகம் எனக்கு நினைவில்லை. வீட்டில் படமும் கிடையாது. அவரை நினைத்தால் எனக்கு வருவதெல்லாம் வைக்கோல் வாசனை, வாயில் வெல்லத் தித்திப்பு, ஒரு தரம் எறும்பு கடித்து உதடு வீங்கியது, இவ்வளவுதான். இவற்றுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அதுவும் தெரியாது. இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைச் சரிபார்க்கக் கிளம்பினேன்.

எனக்கு வண்டியேறினால் தூங்கிவிடும் வழக்கம் உண்டு. ஆகவே இலங்கையை நான் முதலில் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன். கண் திறந்தால் ஒரு பச்சை, மூடித் திறந்தால் இன்னொரு பச்சை. எங்கள் ஊரில் பச்சை என்பது வருஷத்தில் மூன்று மாதம் வந்துபோகிற விருந்தாளி. இங்கே அது வீட்டுக்காரனாக இருந்தது. மரத்தில் மிளகுக் கொடி, கொடிக்கு மேல் பாசி, பாசிக்கு மேல் பனி.

உக்குவளையில் ரயிலை விட்டு இறங்கியபோது மேடையெல்லாம் தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தால் ஒரு பெயர், அதன் கீழே தமிழ்நாட்டு ஊர் ஒன்று. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்கள். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னிடம், "நீங்க எங்கேருந்து வாறீங்க?" என்றாள். சொன்னேன். "எல்லாரும் அங்கிட்டுப் போறோம், நீங்க மட்டும் இங்கிட்டு வாறீங்க" என்று சிரித்தாள். அவள் பிறந்தது இங்கேதான். பெட்டியில் எழுதியிருந்த ஊரை அவள் பார்த்ததே இல்லை.

முகவரியில் இருந்த கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. காதர் முதலாளியை அங்கே எல்லோருக்கும் தெரியும். மிளகு, பாக்கு, கொக்கோ வாங்கி விற்கிறவர். கடிதத்தை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது நான்தான் எழுதின. அவர் சொன்ன, நான் எழுதின" என்றார். "கந்தசாமி இஞ்ச இல்ல. வில்கமுவையில ஈக்கிறார். எங்கட வயலப் பாக்கிறது அவர்தான். மாசத்துக்கு ஒருக்கா சாமான் எடுக்க வருவார். பதில் வந்திச்சா எண்டு மூணு தரம் கேட்டுட்டுப் போன."

அந்த மூன்று தரம் எனக்கு உறுத்தியது. இருந்தாலும், ஏமாற்றுக்காரனும் பதிலுக்குக் காத்திருக்கத்தான் செய்வான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

முதலாளியின் மனைவி என்னை வீட்டுக்குள் அழைத்து, "சாப்புடுங்க தாத்தா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படி அழைப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, உரலில் இடித்த சம்பல். நம் வீட்டில் சட்னி என்றால் நான்கு நிலக்கடலையாவது விழும். இங்கே எதைத் தொட்டாலும் தேங்காய். கடைசியில் பால் விடாத தேநீரும், உள்ளங்கையில் கித்துள் என்கிற பனைச் சாதி மரத்தின் வெல்லம் ஒரு துண்டும் கொடுத்தார். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். அந்தத் தித்திப்பு நாக்கில் பட்டதும் எங்கிருந்தோ வைக்கோல் வாசனை வந்தது. அவர்கள் வீட்டில் வைக்கோலே கிடையாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாத்தளை பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்கள் ஒட்டி ஒட்டி நின்றன. பலகையில் இருந்த சிங்கள எழுத்து எனக்கு ஓடவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். ஒரு பஸ்ஸிலிருந்து தமிழ்ப் பேச்சுக் கேட்டது. அந்தத் தைரியத்தில் ஏறி உட்கார்ந்தேன், வழக்கம்போலத் தூங்கியும் போனேன்.

கண் விழித்தபோது எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கோயில். வஹகோட்டை அந்தோனியார் கோயில் என்றார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் யார், எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"வில்கமுவைக்கு இந்தப் பக்கமாவா போவாங்க? கெழக்க போறதுக்கு வடக்க வந்துட்டீங்களே டீச்சர். சரி, வந்ததுதான் வந்தீங்க, ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போங்க. காணாமப் போனதக் கண்டுபுடிச்சுக் குடுக்கறவரு. நீங்க என்னா தொலைச்சீங்க?"

"எங்க அண்ணனை" என்றேன்.

"பேரு சொல்லுங்க, நானும் சேத்து வேண்டிக்கிறேன்."

கந்தசாமி என்றேன். முருகன் பேரை வைத்திருந்தவரைத் தேடித் தரும்படி அந்தோனியாரிடம் அந்த அம்மாள் மண்டியிட்டுக் கேட்டதை நான் தூணோரம் நின்று பார்த்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்காமல், முன்பின் தெரியாத ஒருவருக்காக அரைமணி நேரம் முழங்கால் போட்டார். எங்கள் வீட்டிலோ, சொந்தத் தம்பி என்று சொல்லி வந்த கடிதத்தை அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எதை வேண்டுவது என்று தெரியாமல், உண்மை தெரியட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மாலையில் உக்குவளைக்கே திரும்பி வந்தேன். காதர் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த நாள் காலை அவரே வந்து சரியான பஸ்ஸில் ஏற்றி, என்னை ஒரு மூட்டையைப்போல நடத்துநரிடம் ஒப்படைத்தார்.

அந்த பஸ் மலையிலிருந்து இறங்க இறங்கக் காற்று சூடேறியது. பாசி போய், புழுதி வந்தது. என் ஊர்க் காற்று. எத்தனையோ மைல் தாண்டி வந்த பிறகு அது எதிரில் வந்து முகத்தில் அடித்தபோது, நான் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லையோ என்று தோன்றியது. இந்த மயக்கத்தில் இருக்கும்போது பஸ் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். நடத்துநரும் இறங்கிப் பார்த்தார். பிறகு இருவரும் மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நான்கு பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். இங்கே எல்லோரும் பொட்டலங்களைப் பிரித்தார்கள்.

எனக்கு முன்னால் இருந்த பெரியவர் தன் மனைவியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்தியாக்காரிக்குப் பெரிய ரொட்டியாக் குடு, கடல் தாண்டி வந்திருக்கான்னு சொல்றாரு." குரக்கன் ரொட்டி. கடித்துப் பார்த்தால் நம் கேழ்வரகுதான், பேரை மாற்றிக்கொண்டு இருக்கிறது. கூட ஒரு சுட்ட கருவாட்டுத் துண்டு. அவ்வளவு ருசியாக நான் கலியாண விருந்தில்கூடச் சாப்பிட்டதில்லை.

மீதித் தூரம் டிராக்டரில். பெட்டி நிறைய வைக்கோல், அதன்மேல் நாங்கள் ஆறு பேர். வெயிலில் காய்ந்த வைக்கோலின் சூடும் வாசனையும் மேலெழும்பி வந்தன. நான் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தேன். கண் சொருகியது. யாரோ எனக்கு மேலே குனிந்து நிற்பதுபோல இருந்தது. முகத்தைப் பார்க்கலாம் என்று கண்ணைத் திறந்தால் மரக்கிளை.

வில்கமுவையில் வயலோரம் களிமண் சுவர் வீடு ஒன்றின் முன்னால் டிராக்டர் நின்றது. அறுவடை முடிந்து வைக்கோல் போர்கள் குவிந்திருந்தன. கைலியும் பனியனுமாக ஒருவர் வந்து, டிராக்டர்க்காரர் சொன்ன சேதியைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். தலை பாதி நரைத்திருந்தது. என் அப்பாவின் சாயல் இருக்கிறதா என்று தேடினேன். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

"பாப்பாவா?" என்றார்.

"ஆமாங்க."

"வாங்க" என்றார் அவரும் மரியாதையாக. "நம்மூருத் தமிழ் பேசி ரொம்ப நாளாச்சு. தப்பா ஏதும் வந்தா மன்னிச்சுக்குங்க. ஒக்காருங்க."

அவருடைய மனைவி சோமாவதி சிங்களப் பெண். குழந்தைகள் இல்லை. என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்ப் பாய் விரித்தார். தமிழ் தெரியாது. ஆனால் என் சேலை முந்தானையைத் தொட்டுப் பார்த்து, தன் புருஷன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, பெரிதாகத் தலையசைத்தார். அவருக்குச் சந்தேகமே இல்லை. சரிபார்க்க வந்த எனக்குத்தான் நிம்மதியில்லை.

அடுத்த நாள் முழுதும் அவரைக் கேள்விகளால் சுற்றி வளைத்தேன். பேச்சுவாக்கில் கேட்பதுபோலத்தான். வீட்டு வாசலில் என்ன மரம்? வேம்பு. மாட்டுக்கு என்ன பேர்? செவலை. கிணறு எந்தப் பக்கம்? சரியாகச் சொன்னார். ஆனால் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்தில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்தவர்களுக்கு ஒருவர் வீட்டு மாடு இன்னொருவருக்குத் தெரியாதா என்ன? செத்தவன் சொல்லக் கேட்டதையெல்லாம் இவர் சொல்லலாமே என்று என் மூளை குறுக்கே விழுந்தது.

இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அவர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிங்களப் புள்ளயக் கட்டிக்கிட்டேன்னு எப்புடி எழுதச் சொல்றது? இந்த வருசம், அடுத்த வருசம்னு தள்ளிப் போச்சு. அப்பறம் அம்மா நெனப்பு வந்து தூங்க விடல" என்றார். அதையும் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் சோற்றுச் சட்டியை மடியில் இழுத்து வைத்து, அடியில் தீய்ந்து ஒட்டியிருந்ததைச் சிரட்டைக் கரண்டியால் சுரண்டித் தின்றார். சோமாவதி ஏதோ சொல்லிச் சிரித்தார். "சட்டி தேயுதாம். தெனமும் இதான் சண்ட" என்று அவர் எனக்குத் தமிழில் சொன்னார். இதுதான் சமயம் என்று நான் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். பெரியண்ணனும் நானும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்த கேள்வி அது.

"சின்ன வயசுல உங்களுக்குப் பலகாரத்துல எது ரொம்பப் புடிக்கும்?"

"பலகாரமா?" அவர் யோசிக்கக்கூட இல்லை. "எனக்கு இனிப்பே ஆகாது. பல்லு கூசும். அம்மா பணியாரம் சுட்டா நான் வாயில வக்கமாட்டேன்."

சோமாவதி தண்ணீர் நீட்டினார், குடித்தேன். ஒன்பது வருஷம் இலையில் வைத்தது பொய்யாகுமா? அடுப்படியில் நின்று இன்னொன்று, இன்னொன்று என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறதே. ஆக, இவர் அவர் இல்லை. நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால் என் அண்ணன் வேறு எங்கோ மண்ணுக்குள் இருக்கிறார். அவருக்காக நான் ஒரு தரம் அழுதாகிவிட்டது. இப்போது இரண்டாவது தரமும் அழ வேண்டியிருந்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, ஊருக்குப் போனதும் அம்மாவிடம் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தேன். காலை பஸ்ஸில் போகிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதையும் நான் அவர்மேல் சந்தேகக் கணக்கில்தான் சேர்த்தேன்.

வில்கமுவையிலிருந்து காலையில் ஒரு பஸ்தான். விடிந்ததும் சோமாவதி அடுப்படியில் எண்ணெய் வைத்து எதையோ சுட்டுக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அந்த மனிதர் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் உறுமத் தொடங்கியது.

அவர் இடுப்பிலிருந்து ஒரு துண்டுப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். துண்டெல்லாம் எண்ணெய்க் கறை. உள்ளே சூடாகக் கெவும் என்கிற சிங்களப் பலகாரம். அரிசி மாவும் பாகும் சேர்த்துச் சுட்டது. பார்க்க நம் பணியாரத்தின் ஒன்றுவிட்ட தங்கை.

"சோமாவ சுடச் சொன்னேன். ஒனக்குத்தான் புடிக்குமே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொதல்ல எறும்பு இருக்கான்னு பாரு" என்றார்.

பஸ் நகர்ந்தது. எனக்கு உதடு வலித்தது.

வைக்கோல் போருக்குப் பின்னால் நான் ஒளிந்து நிற்கிறேன். எங்கள் வீட்டில் பையன்களுக்கு மூன்று பணியாரம், பெண்ணுக்கு ஒன்று. அதுவும் எல்லோரும் தின்ற பிறகு. வேட்டி மடியில் எண்ணெய்க் கறையோடு ஒருவர் வருகிறார், குனிகிறார், மடியை அவிழ்க்கிறார். நான் அவசரப்பட்டு வாயில் போட்டுக்கொள்கிறேன். எறும்பு கடிக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அவர் சொல்வது இதே வார்த்தை. அந்த இடத்தில் அவரும் நானும் வைக்கோலும் மட்டும்தான் இருந்தோம். இன்னொன்று, இன்னொன்று என்று அவர் கேட்டதெல்லாம் எனக்காக.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். நடத்துநர் சிங்களத்தில் என்னை என்ன திட்டினார் என்று தெரியாது. நல்லவேளை. பையைக்கூட எடுக்காமல் இறங்கினேன். அவர்தான் ஓடி வந்து அதை வாங்கிக்கொண்டார். பஸ் போய்விட்டது. இனி மறுநாள் காலைதான்.

"அண்ணே" என்றேன்.

"தெரியும் பாப்பா. நீ பரீட்சை வைக்க வந்தேன்னு மொத நாளே தெரியும்" என்றார் அண்ணன். "பெயிலாப் போனேன்னும் தெரியும். எந்தக் கேள்வியிலன்னுதான் தெரியல."

மதகுக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தையில் கேட்ட செய்தி, கருமாதி, ஒன்பது வருஷ இலை. அண்ணன் அசையாமல் கேட்டார். கடைசியில், "எலையில எனக்கு என்னா வச்சீங்க?" என்றார்.

"பணியாரம். காக்கா தொடவே இல்லை."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அதுக்காவது தெரிஞ்சிருக்கே" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "அம்மா அன்னிக்குச் சாப்புடுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து போய் வாய்க்காலில் வெகுநேரம் முகம் கழுவினார்.

திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார். "எங்க லயத்துல மூணு கந்தசாமி. காடு வெட்ட எங்கூட இங்க வந்து காய்ச்சல்ல போனது முசிறிப் பக்கத்துக் கந்தசாமி. நானும்தான் மண்ணு போட்டேன். அவனுக்கும் ஊருல ஒரு அம்மா இருக்கு. புள்ள உசுரோட இருக்கான்னு இன்னிக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கும். அவங்க அழ வேண்டியத நீங்க அழுதிருக்கீங்க."

அன்றைய பகலை நாங்கள் வைக்கோல் போர் நிழலில் கழித்தோம். கெவும் முழுவதையும் நானே தின்றேன். சோமாவதி அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து என் தலைமுடியில் ஒட்டிய வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். நடுவில் தூங்கிப்போனேன். யாரோ குனிந்து நின்றார்கள். இந்தத் தரம் கண்ணைத் திறந்தபோது முகம் இருந்தது.

பயணச் சீட்டும் தாளும் சரியானதும் அண்ணியோடு வருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்தார். காதர் முதலாளி அதற்கான மனுவை எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். பயந்தபடி எதுவும் ஆகவில்லை. அவர் நம்பவில்லை, அவ்வளவுதான். மரம், மாடு, கிணறு என்று அடுக்கினேன், அசையவில்லை. வைக்கோல் போர்க் கதையைச் சொன்னேன், அது அவருக்குத் தெரியாத கதை. கடைசியில் அலுத்துப்போய், "சட்டியில தீஞ்ச சோத்தைச் சுரண்டித் திங்கிறாரும்மா, அண்ணிகூடத் தினமும் சண்டை" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன்தான்" என்றார். "அதுக்குத்தான் உசுரை விடுவான்."

"அது தெரிஞ்சுமாம்மா ஒன்பது வருஷமாப் பணியாரம் வச்சே?"

"நீதானே சொன்னே. தீஞ்ச சோத்தை எப்படி எலையில வைக்கிறது? ஊரு சிரிக்காதா?"

ஆடி அமாவாசை வந்தது. பெரியண்ணன் முசிறிப் பக்கம் ஊர் ஊராக விசாரித்தும் அந்தக் கந்தசாமியின் வீடு இன்னும் தெரியவில்லை. அம்மா குளித்துவிட்டு வந்து இரண்டு இலை போட்டார். எனக்குத் திக்கென்றது.

"யாருக்கும்மா ரெண்டாவது?"

"அந்த முசிறிப் புள்ளைக்கு. வேற யாரு போடுவாங்க?" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அவனுக்கு என்ன புடிக்கும்னு உங்கண்ணனைக் கேட்டியா?" என்றார்.

நான் கேட்கவில்லை. அவ்வளவு கேள்வி கேட்ட நான் அதைக் கேட்கத் தோன்றாமல் வந்துவிட்டேன். அம்மா பெருமூச்சு விட்டுவிட்டு அடுப்படியிலிருந்து பணியாரத்தை எடுத்து வந்து அந்த இலையில் வைத்தார்.

"ஒன்பது வருஷமா இதைத்தானே குடுத்தோம். பழகியிருக்கும்" என்றார்.

சுவரில் கொண்டுபோய் வைத்தோம். காகத்துக்கும் கந்தசாமிக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அன்றைக்கு அம்மாவின் பக்கத்தில் நின்று, மூச்சுக்கூட விடாமல், அது எதை முதலில் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.